பட்டினிப் பாத்தி

மாதா கோயிலில் முதல் பூசைக்கு இரண்டாம் மணி அடித்தபோது இன்னாசியம்மாள் புருசனை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு ஈரத்துணியால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைத் தாங்க இடது கை ஒன்றே போதுமாக இருந்தது. போன தை மாசம் வரைக்கும் மொச்சை மூட்டையைத் தானே தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்ட ஆள். இப்போது புரட்டிப் போட மகளைக்கூடக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. யார்மேல் எரிச்சல் என்றுதான் தெரியவில்லை.

"இன்னைக்கி ஞாயித்துக்கெழமையா?" என்றார் ஞானமுத்து.

"ஆமா."

"பூசைக்குப் போகலையே."

"சாமியே இங்கன வாராக. பூசைய முடிச்சிட்டு நேரா வந்து பூசுதல் குடுக்கேன்னு சொல்லிவிட்டாக. கம்முனு படுங்க."

சாகக்கிடக்கிறவர்களுக்குத்தான் சாமியார் வீடு தேடி வந்து எண்ணெய் பூசுவார் என்று அவருக்கும் தெரியும். வயிற்றில் கட்டி. மதுரையில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆசைப்பட்டதைக் குடுங்க என்று அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. மனுசன் எதற்கும் ஆசைப்படவில்லை. கோழிக்குழம்பா, வேண்டாம். இளநியா, வேண்டாம். காலையில் கண் விழித்ததும் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பார். இன்றைக்கும் கேட்டார்.

"பாத்தி எப்டி இருக்கு?"

"கருகருன்னு இருக்குங்க."

"அடியெல வெளுத்துச்சா?"

"லேசா வெளுத்துச்சு. இப்பப் பச்ச கட்டிருச்சு."

"நாந்தான் சொன்னேன்ல," என்றார். கன்னம் ஒட்டிப்போன முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல் அவள் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். பாத்தி பச்சை கட்டவில்லை. நேற்று மதியம் கால் மணி நேரம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அடி இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் ஏறி, கிழவி காதோலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

அவர் கேட்ட பாத்தி அவர்களுடைய ஒன்றரை ஏக்கர் தோட்டத்தில் கிணற்றை ஒட்டிக் கிடக்கிற மூன்று சென்ட். ஊர் அதற்கு வைத்த பேர் பட்டினிப் பாத்தி.

நாலு வருசத்துக்கு முன்னால் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சாஜிதா மேடம் இந்த ஊருக்கு வந்தார். உத்தமபாளையத்துக்காரர். கடமலைக்குண்டைச் சுற்றி ஆடியில் மொச்சை, தையில் மக்காச்சோளம் என்று மாற்றி மாற்றிப் போடுகிறீர்களே, மொச்சை வேர் மண்ணில் தழைச்சத்தை விட்டுவிட்டுப் போகிறது, அது சோளத்துக்கு எவ்வளவு காணும் என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். பார்க்க வேண்டுமென்றால் மூன்று பாத்தி வேண்டும். ஒன்றுக்கு முழு யூரியா. ஒன்றுக்குப் பாதி. ஒன்றுக்கு ஒரு குருணைகூடக் கிடையாது. கூட்டத்தில் இருந்த ஆம்பளைகள் எல்லாம் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தபோது ஞானமுத்து ஒருத்தர் கையைத் தூக்கினார். இன்னாசியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் வேறு ஆளே இல்லையா, இவருக்கென்ன வந்தது என்று மூன்று நாள் பேசாமல் இருந்தாள்.

முதல் வருசம் சும்மா விட்ட பாத்தி வெளுத்தது. முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. பக்கத்துப் பாத்திகள் இரண்டும் ஆள் மறைய நிற்க, நடுவில் அது மட்டும் காய்ச்சல்கண்ட பிள்ளை மாதிரி நின்றது. டீக்கடையில், "என்னண்ணே, சோளத்துக்கும் தவக்கால நோன்பா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மொச்சையே சோறு போடும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். வரப்பில் நின்று அந்தப் பாத்தியையே பார்ப்பார். சோளத்தையும் பார்க்க முடியவில்லை, அவரையும் பார்க்க முடியவில்லை அவளுக்கு.

இன்னாசியம்மாள் மேகமலையில் லைன் வீட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் உரம் போடுகிற கூட்டத்தில் வேலை செய்தவள். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, தேயிலைச் செடி ஒவ்வொன்றுக்கும் கையளவு பார்த்து வைத்துக்கொண்டே சரிவில் ஏறிப் போவாள். செடியின் முகத்தைப் பார்த்தே பசி தெரிந்துவிடும் அவளுக்கு. பசித்து நிற்கிறதைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆராய்ச்சியா? அதென்ன பாழாய்ப்போன ஆராய்ச்சி?

இரண்டாம் வருசமும் அது வெளுக்க ஆரம்பித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானமுத்து முதல் பூசைக்குப் போனார். மாட்டைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பதால் அவர் எப்போதும் முதல் பூசை, அவள் இரண்டாம் பூசை. அவர் தெரு திரும்பியதும் அவள் மடியில் யூரியாவைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். செடிக்கு ஒரு குச்சிக் குழி, ஒரு சிட்டிகை, மேலே மண். எஸ்டேட்டில் பழகிய கை, பூசை முடிகிறதுக்குள் மூன்று சென்ட்டும் முடிந்தது. வாய்க்காலைத் திருப்பித் தண்ணீரை விட்டு மடியை உதறிவிட்டு, இரண்டாம் பூசைக்குக் குளித்துவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். இப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை.

பாத்தி பச்சை பிடித்தது. ஞானமுத்து செருப்புகூடப் போடாமல் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். "ஏ இன்னாசி! வா, வந்து பாரு!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெரு வழியாகப் போனார். கட்டிக்கொண்டு வந்த இத்தனை வருசத்தில் தெருவில் வைத்து அவள் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். வரப்பில் நிற்க வைத்து, "பாத்தியா? மொதல்ல வெளுக்கும், அப்புறம் மொச்ச வேரு மக்கி உள்ளுக்குள்ள குடுக்க ஆரம்பிக்கும். பொறுமை வேணும். போன வருசம் நாம பயந்துட்டோம்," என்றார். கண் கலங்கியிருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். எந்த வாயால் சொல்லுவாள்? அவள், "ஆமாங்க, பச்சையாத்தான் இருக்கு," என்றாள்.

அடுத்த வருசம் நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்த வருசம் மேடத்தோடு பெரிய ஆபீசர்கள் இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள் என்றதும் கூடுதலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தாள். பாஸ்கா திருநாளுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், "சாமி, எம் புருசனுக்குத் தெரியாம சோளத்துக்கு யூரியா வச்சிட்டேன்," என்று முழங்காலில் நின்று சொன்னாள். சாமியார் சிரித்துவிட்டார். "இதுல என்னம்மா பாவம்? மூணு அருள்நிறைந்த மரியே சொல்லு, போ," என்றார். முப்பது சொன்னாள். மனசு ஆறவில்லை.

இந்த வருசம் ஞானமுத்து விதைத்த கையோடு படுத்தார். அவளால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தோட்டத்துப் பக்கம் போக முடியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஊர் இந்த வருசந்தான் அவர் பேச்சைக் கேட்டிருந்தது. மொச்சை எடுத்த தோட்டங்களில் பதினேழு பேர் சோளத்துக்கு யூரியாவே இறக்கவில்லை.

முதல் பூசை நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பதினேழில் ஒருத்தரான சுந்தரலிங்கம் வந்தார். பக்கத்துத் தோட்டக்காரர். ஞானமுத்து படுத்ததிலிருந்து இவர்கள் தோட்டத்துக்கும் அவர்தான் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறார், மற்ற இரண்டு பாத்திகளுக்கும் சொன்ன அளவு உரம் வைத்ததும் அவர்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அண்ணே, எந் தோட்டத்துலயும் வெளுக்க ஆரம்பிச்சிருச்சு."

"வெளுக்கட்டும்யா."

"பயலுக பதறுறாக. மூட்டைய எறக்கிருவோமாங்குறாக. நாந்தான் அண்ணன் சொன்னா சொன்னதுதான்டான்னு அடக்கி வச்சிருக்கேன்."

"பொறு. ரெண்டு வாரம் பொறு. எம் பாத்தியும் வெளுத்துச்சு, இப்பப் பச்ச கட்டிருச்சு. ஒங்க மதினியக் கேளு."

சுந்தரலிங்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் உரம் வைத்தபோது பட்டினிப் பாத்தி வெளுத்திருக்கவில்லை; தண்ணீர் வாய்க்கால் கிணற்றின் அந்தப் பக்கம், அதற்கப்புறம் அவர் அதற்குள் இறங்கிப் பார்த்திருக்க மாட்டார். அவள் தம்ளரை வைத்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டு, "வாரேண்ணே," என்று எழுந்து போனார்.

மகள் அருள்செல்வி பின்கட்டில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னாசியம்மாள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது? சாமியார் வருகிறதுக்குள் சொல்லிவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும். திட்ட அவருக்குத் தெம்பு இருந்தால் அதுவே பெரிசு.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்தப் பாத்தி இருக்குல்ல…"

"நானும் அதத்தான் சொல்ல நெனச்சேன்," என்றார் ஞானமுத்து. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "நான் போன பின்னாடி அதக் கைவிட்றாத. மேடம் வந்தாகன்னா கூட்டிப்போயிக் காட்டு. எட்டாப்பு பெயிலான பய நானு. பெரிய பெரிய ஆபீசர்மாரு வரப்புல நின்னு, அண்ணே நீங்க சொல்லுங்கன்னு கேட்டாக. எனக்கு… வேற என்ன இருக்கு, சொல்லு."

அவள் போர்வையை அவர் கால்வரை இழுத்துவிட்டாள்.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்."

"ரெண்டு சொட்டு குடு."

கொடுத்தாள். ஒரு சொட்டு உள்ளே போனது. ஒரு சொட்டு கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள்.

சாமியார் பூசை முடிந்து வந்தார். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசி ஜெபித்தார். கூட வந்த கோயில் உபதேசியார் ஜெபத்துக்குப் பதில் சொன்னார். அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் அருள்செல்வி அப்பாவின் காலைத் தேய்த்துக்கொண்டே, "அம்மா, கால் சில்லுன்னு இருக்கு," என்றாள். இன்னாசியம்மாள் தலைமாட்டுக்குப் போனாள். ஞானமுத்து கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. மூச்சு ஒரு தடவை இழுத்து நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. அதுக்கப்புறம் வரவில்லை. இரண்டாம் பூசைக்கு மணி அடிக்க வேண்டிய கயிற்றில் உபதேசியார் துக்க மணியை விட்டு விட்டு அடித்தார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சாஜிதா மேடம் வந்தார். கையில் மாலை. உத்தமபாளையத்திலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டிமேல் மாலையை வைத்துவிட்டு, தலையில் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உபதேசியார், "மேடம், அண்ணனப் பத்தி ரெண்டு வார்த்த," என்றார். மேடம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"நான் படிச்சு வாங்குன பட்டம் வேற. அண்ணன் வரப்புல நின்னு கத்துக்கிட்டது வேற. மூணு வருசம் ஒரு நாள் விடாம அந்தப் பாத்தியப் பாத்து எனக்குப் போன் பண்ணுவாரு. மொச்சைக்குப் பின்னாடி சோளத்துக்கு யூரியா தேவையில்லன்னு அவரு பாத்தி காட்டிருக்கு. வாற பட்டத்துல ஆண்டிபட்டி, போடி எல்லாப் பக்கமும் கொண்டு போகப் போறோம். அவரு பேரச் சொல்லித்தான் கொண்டு போவோம்."

முற்றத்தில் நின்ற ஆம்பளைகள் ஞானமுத்துவைப் பார்த்தார்கள். டீக்கடையில் சிரித்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். ஒருத்தர் துண்டால் மூக்கைத் துடைத்தார். இன்னாசியம்மாள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆண்டிபட்டியாம். போடியாம். எத்தனை தோட்டம், எத்தனை குடும்பம்! இவள் ஒருத்தி இடுப்பில் கட்டிக்கொண்டு போன மடியை நம்பி அத்தனை பேரும் வெளுத்த சோளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறார்களா?

பெண்கள் சுற்றி உட்கார்ந்து தோளில் கை போட்டார்கள். யாரோ ஒப்பாரியை எடுத்தார்கள். முறைப்படி பெண்டாட்டிக்காரி வாங்கிப் பாட வேண்டும். இன்னாசியம்மாள் பெட்டியில் கையை அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். அவளாக நினைத்து எடுத்த பாட்டில்லை அது. வாயைத் திறந்ததும் வந்தது.

"கெணத்தோரம் பாத்தி கட்டி – எஞ்சாமி
பட்டினியாப் போட்டீகளே,
பட்டினி பொறுக்காம – எஞ்சாமி
படியளந்தேன் பாவி மக.

பூசைக்கு நீங்க போக – எஞ்சாமி
பொட்டு உரம் நான் வச்சேன்,
பச்சையின்னு சிரிச்சீகளே – எஞ்சாமி
பாவி சொல்ல மாட்டலயே!"

"ஆமா தாயீ," என்று பெண்கள் இழுத்தார்கள். மார்பில் அடித்துக்கொண்டார்கள். இன்னாசியம்மாள் மறுபடியும் பாடினாள். இந்தத் தடவை யூரியா என்றே சொன்னாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னாள். வாசலில் நின்ற ஒரு கிழவர், "என்னமா அடுக்கி அழுகுறா, பாரு," என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். ஒரு பொம்பளை, "கடைசியில உரம் வச்சது, தண்ணி பாச்சுனதெல்லாம் ஞாவகத்துல வருது, பாவம்," என்று அவள் வாயருகே தண்ணீர்த் தம்ளரைக் கொண்டு வந்தாள். இன்னாசியம்மாள் தட்டிவிட்டாள். தம்ளர் உருண்டது. அழுகிற வீட்டில் பெண்டாட்டிக்காரி எதைச் சொன்னாலும் அழுகைதான். சாஜிதா மேடம் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

நாலு மணிக்குக் கோயிலுக்குத் தூக்கினார்கள். பூசை முடிந்து கல்லறைக்குப் போனார்கள். எல்லாம் எப்படியோ நடந்தது. அருள்செல்வி அவள் கையை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிவிட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஈரத்தலையோடு இன்னாசியம்மாள் கூட்டத்தில் மேடத்தைத் தேடினாள். சுவர் ஓரம் இல்லை. வாசலில் இல்லை. துக்க வீட்டில் போய்ட்டு வாரேன் என்று யாரும் சொல்லிக்கொள்கிற வழக்கமில்லை. வந்தவர்கள் வந்த மாதிரியே நழுவிப் போக வேண்டியதுதான். தெருவில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவள் எழுந்து ஓடினாள்.

"ஏ ஆத்தா, எங்கிட்டு ஓடுற? பிடிங்கடி அவள!" என்று பின்னால் சத்தம் போட்டார்கள். அன்றைக்கே தாலி அறுத்தவள் வாசல்படி தாண்டித் தெருவில் இறங்குவதாவது! அவள் இறங்கி, முடி முதுகில் ஒட்டிக்கொள்ள, கார் தெருமுனையில் திரும்புகிறதுக்குள் அதன் பின்பக்கத்தைக் கையால் தட்டினாள். கார் நின்றது. சாஜிதா மேடம் பதறி இறங்கினார்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"நாந்தான் போட்டேன்," என்றாள் இன்னாசியம்மாள். மூச்சு வாங்கியது. "யூரியா. அந்தப் பாத்தியில. ரெண்டாம் வருசம் மூணு ஞாயித்துக்கெழம. அடுத்த வருசம் நாலு. செடிக்கு ஒரு சிட்டிக. அவுக பூசைக்குப் போன நேரம். அவுகளுக்குத் தெரியாது. பட்டினியா நின்னது மேடம், பாக்க முடியல. அவுக மொகத்தையும் பாக்க முடியல. மொச்ச ஒண்ணும் பச்ச கட்டல. நாந்தான். இந்த வருசம் போடல. வேணும்னா போயிப் பாருங்க, வெளுத்துக் கெடக்கு. ஆண்டிபட்டிக்கும் போடிக்கும் கொண்டு போயிராதீக தாயீ. ஒங்களக் கும்பிடுறேன்."

சாஜிதா மேடம் காரில் சாய்ந்து நின்றார். அப்புறம், "மண்ணு டெஸ்ட்ல தழைச்சத்து கம்மின்னுதான் வந்துச்சு. நான் சாம்பிள் எடுத்ததுல தப்புன்னு நெனச்சேன்," என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. பிறகு அவளை நேராகப் பார்த்தார்.

"பக்கத்துல பாதி யூரியா போட்ட பாத்தி இருந்துச்சுல்ல? அதுலயும் வச்சீங்களா?"

"அதுல எதுக்கு மேடம்? அது நல்லாத்தான இருந்துச்சு."

"ஒரு சிட்டிககூட வைக்கலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மரியாயி சத்தியமா இல்ல."

மேடம் துப்பட்டா நுனியைக் கையில் சுற்றினார். "மூணு வருசமும் அந்தப் பாதிப் பாத்தி முழுப் பாத்திக்குச் சமமா வெளஞ்சிருக்கும்மா. கதிரு எடை எங்கிட்ட இருக்கு. அப்ப மொச்சை மீதிப் பாதியக் குடுத்திருக்கு. அண்ணன் சொன்னது நெசந்தான். பாதி யூரியா மிச்சம், அது பெரிய விசயம். பட்டினிப் பாத்தி பச்சையா நின்னதப் பாத்துட்டு நாங்க யாருமே அந்தப் பாதிப் பாத்திய ஒரு பொருட்டாப் பேசல. அவரும் பேசல."

இன்னாசியம்மாளுக்குப் புரிந்தது. அவள் கையை வைக்காமல் இருந்திருந்தால், அந்த வெளுத்த பாத்தியை வெளுத்தபடியே விட்டிருந்தால், மனுசன் ஜெயித்திருப்பார். உண்மையாகவே ஜெயித்திருப்பார். பக்கத்துப் பாத்தியைக் காட்டி, "பாத்தியா இன்னாசி," என்று தெருவில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார். அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெட்டி போன வழியெல்லாம் மிதிபட்டுக் கிடந்த பூ அவள் சேலையில் ஒட்டியது. "அய்யோ, அய்யோ," என்று மட்டும் வந்தது. ஒப்பாரிக்கு வந்த வார்த்தை எதுவும் இப்போது வரவில்லை. சாஜிதா மேடமும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "ஊர்ப் பயிரு நாப்பது நாள்தான்மா ஆகுது, இப்பப் பாதி உரம் வச்சாலும் பொழைச்சுக்கிரும்," என்றார்.

சத்தம் கேட்டுச் சுந்தரலிங்கம் வந்தார். பின்னால் இன்னும் நாலைந்து ஆம்பளைகள். மேடம் சொல்ல வாயெடுத்தார். இன்னாசியம்மாள் கையைக் காட்டித் தடுத்துவிட்டு அவளே சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். "நாளைக்கே பாதி உரம் எறக்கிருங்க. நாப்பது நாள் பயிருதான், பொழைச்சுக்கிரும்னு மேடம் சொல்றாக. தப்பு எம்மேல. என்னத்த வேணும்னாலும் கேளுங்க," என்றாள்.

நேற்றுக் காலையில் தம்ளரும் கையுமாக நின்றவள்தான் சுந்தரலிங்கத்துக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் கறுத்தது. வாய் வரைக்கும் என்னவோ வந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணனுக்குத் தெரியுமா, மதினி?"

"தெரியாது."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

"சரி," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். மற்றவர்களும் அவர் பின்னாலேயே போனார்கள். ஒருத்தர்கூட ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அருள்செல்வி முற்றத்தில் கிடந்த பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இன்னாசியம்மாள் வாசல் கதவுக்கு உள்பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மொபெட் ஒன்று வருகிற சத்தம் கேட்டது. வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே அது அணைந்தது. செருப்புக் கால் தேய்கிற சத்தமும் சக்கரம் உருளுகிற சத்தமும் வாசலைத் தாண்டிப் போயின. பிள்ளையார் கோயில் முக்கில் வண்டி மறுபடி உறுமியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதுவும் அப்படியே.

"என்னம்மா இது, எல்லாரும் நம்ம வீட்டுக்கிட்ட வந்து எறங்கித் தள்ளிக்கிட்டுப் போறாக?" என்றாள் அருள்செல்வி.

இன்னாசியம்மாள் எழுந்து நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சுந்தரலிங்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு மூட்டை யூரியா கட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து மூட்டையின்மேல் விரித்தார். துண்டு மூட்டைக்குப் போதவில்லை. அதை அவள் பார்க்கிற பக்கமாகக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.